அப்பா, படுங்க

ஷர்வின் கப்பல் வேலைக்குப் புறப்பட்டது, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஆடி ஞாயிற்றுக்கிழமை. லைன் வீட்டுச் சனமெல்லாம் தூக்குவாளிகளோடு வரிசையில் நிற்க, அவனும் அவன் அப்பா சிவசாமியும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். நான் அப்போது நியூசிலாந்தில் கிவிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பிறகு பக்கத்து வீட்டுச் சிவசாமி மாமா சொல்லித் தெரிந்தது. "கூழுகூடக் குடிக்கலலா அவன்" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அன்று காலை ஷர்வின் கம்ப்யூட்டர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவன் படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய பெட்டி அது. மாமாவுக்கு அதில் பாட்டுப் போட மட்டும் தெரியும். அத்தை இறந்த பிறகு பாட்டை ஓடவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். விடியும்வரை அது எரியும், அவர் கழுத்து வலிக்கும். மகன் போன பிறகு அப்படி நடக்கவில்லை. ஒன்பது மணியானால் பாட்டுக்கு நடுவில் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். 'அப்பா, படுங்க.' ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு எல்லாம் அணைந்துவிடும்.

"சரிடா" என்று சொல்லிவிட்டு மாமா போய்ப் படுப்பார்.

ஊர் திரும்பிய பிறகு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அந்தச் 'சரிடா'வைத் தினமும் கேட்டேன். மகனோடு போனில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

இளவயதில் மாமா இஞ்சின்காரர். அரசாங்க மின்சாரம் வராத காலத்தில் லைன் வீடுகளுக்குத் தோட்டத்து இஞ்சினிலிருந்துதான் வெளிச்சம். இரவில் அதை நிறுத்துவது அவர் பொறுப்பு. நிறுத்துமுன் விளக்குகளை ஒருமுறை அணைத்து எரியவிடுவார். பாய் விரிக்கவும், பிள்ளையைத் தூளியில் போடவும் அந்த அவகாசம். விளக்கு சிமிட்டினால், "சிவசாமி கைய வச்சிட்டான்" என்று லைன் முழுக்கக் குரல் கேட்குமாம். தானாக அணைகிற வெளிச்சத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால் மகன்தான் கடலில் எங்கிருந்தோ கையை வைக்கிறான் என்று நம்பினார். மாதக்கணக்கில் போன் வராதபோதும் கலங்கவில்லை. ராத்திரிதானே பேசினான்?

மழைக்காலத்தில் ஒரு நாள் பெரிய இடி இடித்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் பழையபடி வெளிச்சம் காட்டியது, பாடியது. ஆனால் ஒன்பது மணிக்கு அணையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா எங்கள் கதவைத் தட்டினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"விக்கி, ஒலகத்தையே சுத்திட்டு வந்தவதானே. அந்தப் பொட்டிக்கு என்னான்னு வந்து பாரு."

"நான் சுத்தினது பஸ்ஸுல மாமா, கம்ப்யூட்டர்ல இல்ல."

"வாயி மட்டும் கொறையல." சொன்னாரே தவிர சிரிக்கவில்லை. "ஒரு வாரமா அவன் அணைக்கலம்மா. என்னமோ ஆயிருச்சு. நாளைக்குக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போயி கப்பல் ஆபீசுல கேக்கப்போறேன்."

வாசலோரம் பை தயாராக இருந்தது. மேலே துண்டு, பக்கத்தில் பிளாஸ்க்.

கம்ப்யூட்டரின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போயிருந்தது. உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி செத்திருக்க வேண்டும். கொஞ்சம் தேடியதும் ஷர்வின் வைத்துவிட்டுப் போன ஏற்பாடு கிடைத்தது. தினமும் இந்த நேரத்துக்கு, இந்த வார்த்தையைக் காட்டிவிட்டு, அணை. நேரத்தைச் சரிசெய்தால் போதும். ராத்திரி மாமா நிம்மதியாகத் தூங்குவார். ஆனால், 'உங்கள் மகன் நன்றாக இருக்கிறான்' என்று அவரிடம் நான் பொய் சொன்னதாகிவிடும். அவன் எங்கே, எப்படி இருக்கிறான் என்று எனக்கு என்ன தெரியும்?

"மாமா, இது ஷர்வின் அங்கேருந்து செய்யறது இல்ல. போன அன்னிக்கே நேரம் வச்சிட்டுப் போயிட்டான். அலாரம் மாதிரி."

"அப்ப எழுத்து வருதே?"

"அதையும் அப்பவே எழுதி வச்சிட்டான்."

"சும்மா சொல்லாதலா."

வேறு வழி தெரியவில்லை. கடிகாரத்தைச் சரிசெய்து, அணையும் நேரத்தை அடுத்த நிமிஷத்துக்கு மாற்றினேன். வெளியே நல்ல வெயில், யாரோ துணி உதறிக் காயப்போடும் சத்தம். கட்டம் வந்தது. 'அப்பா, படுங்க.'

மாமா ஜன்னலைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். திரை அணைந்தது. அவர் 'சரிடா' சொல்லவில்லை.

"இத்தன நாளும் நான் சொன்னது ஒருத்தருக்கும் கேக்கலயா?" என்றார்.

"எனக்குக் கேட்டுச்சு மாமா."

தலையை ஆட்டினார். அது போதாது என்று இருவருக்கும் தெரிந்தது.

"எடுத்துரு அத" என்றார். "நானே அணைச்சிக்கிறேன். நான் அணைக்காத வெளிச்சமா?"

மறுநாள் கிள்ளான் போனார். கப்பல் கடலில்தான் இருக்கிறது, கரை சேர்ந்தால்தான் போன் லைன் கிடைக்கும் என்று ஆபீசில் சொன்னார்களாம். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பி வந்தார். வந்ததும் போனில் தமிழ் எழுத்து அடிக்கச் சொல்லித்தரச் சொன்னார். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் தன் கையால் அணைத்துவிட்டு மகனுக்கு ஒரு வரி அனுப்புவார்: 'படுக்கப் போறேன்டா.' எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒற்றைக் குறிதான் விழுந்தது. போய்ச் சேரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் 'சரிடா' நின்றுபோனது. எனக்கு அது பழக வெகுநாளானது. பிறகு வழக்கம்போல் கால் நிற்காமல் நானும் பையைத் தூக்கினேன்.

தைப்பூசமெல்லாம் கழிந்து, லாவோசில் ஒரு பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது மாமாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மேலிருந்து கீழே அவருடைய 'படுக்கப் போறேன்டா' வரிசை. எல்லாவற்றுக்கும் கீழே, காலை பத்து மணிக்கு ஷர்வினிடமிருந்து வந்த பதில்:

'இப்பத்தான் கரைக்கு வந்தோம். எல்லாம் பாத்தேன். சரிப்பா, படுங்க.'

படத்துக்கு அடியில் மாமா எழுதியிருந்தார்: 'விடிஞ்சப்பறம் படுக்கச் சொல்றான் பாரு, மடையன். நெசமாவே அவன்தான் விக்கி.'