தீப்பெட்டி அளவில் ஒரு மகள்

மருத்துவமனை மருந்து கவுண்டரில் வரிசை எண்ணைக் கூப்பிடுவதுதான் அவள் வேலை. அவள் குரல் வாசல் வரை போகும். அதனால் கூட இருப்பவர்கள் அவளுக்கு 'மைக்கம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். மேலே இருப்பவன் போட்ட கணக்கைப் பாருங்கள்: அந்தக் குரலுக்கு வாய்த்த கணவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

"அதனாலதான்டி உன் குடும்பம் உடையாம நிக்குது" என்பாள் கீழ்வீட்டு அக்கா. முதலில் சிரிப்பது மைக்கம்மாதான்.

கணவர் அச்சகத்தில் பைண்டர். பசை காய்ந்த விரல்களால்தான் வீட்டில் பேசுவார். டிவியில் செய்தி ஓடினால், "என்னவாம்?" என்று கையால் கேட்பார். அடுப்படியில் நிற்பவள் "ஒண்ணுமில்ல" என்று ஒரு கையை ஆட்டுவாள். உலகத்தில் அன்று நடந்ததெல்லாம் அவருக்கு அந்த ஒரு கையாட்டலோடு முடிந்துவிடும். அவர் முகம் சுருங்குவதை அவள் பார்க்காமல் இல்லை. வேலைதான் விடவில்லை.

இன்று அப்படி இல்லை. மதியச் செய்தியில், திரையின் மூலையில் புதிதாக வரப்போகும் சின்னக் கட்டத்தில், சைகையால் செய்தி சொல்லப்போவது அவர்கள் மகள். முதல் நாள். அப்பாவிடம் பேசிப் பேசியே கை பழகிய பெண். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் யாரையும் கேட்காமல் டிவிச் செய்தியைத் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஆனால் டிவி ஒத்துழைக்க வேண்டுமே! மொட்டை மாடியில் எதையும் கட்டக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், உள்ளேயே வைக்கிற இரட்டைக் கம்பி ஆண்டெனாதான். படம் சதுரம் சதுரமாக உடைந்தது. தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் விரல்கள் உடைந்தால் பேச்சே போச்சு.

"இரும்பு பீரோ மேல வெச்சா எப்படிடி வரும்? சிக்னல் பீரோவையே கட்டிக்கிட்டு நின்னுடும்" என்றபடி அக்கா படியேறி வந்தாள். "பேசாம எங்க வீட்டுக்கு வாங்களேன்."

மைக்கம்மா கணவரிடம் கையால் கேட்டாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "என் பொண்ணை என் வீட்டுல பார்க்கணும்" என்றன விரல்கள். பிடிவாதம் என்றால் இரும்புப் பிடிவாதம்.

பீரோவிலிருந்து இறக்கி, அலமாரி, நாற்காலி, கதவின் மேல் என்று ஆண்டெனா வீடு முழுக்க ஊர்வலம் போனது. கடைசியில், டிவிக்குப் பின்னாலிருந்த மரச்சட்ட ஜன்னலருகே மைக்கம்மா தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபோது படம் பளிச்சென்று நின்றது. கையை எடுத்தால் உடைந்தது. அக்கா பிடித்தாலும் உடைந்தது.

"உன் உடம்பே ஆண்டெனாடி" என்றாள் அக்கா, தோற்றுப்போய்.

டிவியைத் திருப்பலாம் என்றால் வயர் எட்டவில்லை. அதற்குள் செய்தியின் இசை ஒலித்தது. மைக்கம்மாவின் கண்ணெதிரே இருந்தது டிவியின் தூசி படிந்த முதுகு மட்டும்.

"வந்துட்டா, வந்துட்டா! நீலச் சட்டை... என்ன களை!" அக்கா கூவினாள்.

ஒரே ஒரு எட்டு வைத்தால் பார்த்துவிடலாம். ஆனால் திரையில் ஊன்றியிருந்த கணவரின் கண்களைப் பார்த்தாள். இந்த அரை மணி நேரம் அவருடையது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இன்னும் உயர்த்தினாள்.

திடீரென்று அவர் சிரித்தார். வெளியில் யார் முன்னாலும் குரல் எழுப்பக் கூசும் மனிதர், அக்கா பக்கத்தில் இருக்கும்போதே கரகரவென்று வாய்விட்டுச் சிரித்தார். "என்ன, என்ன?" என்று மைக்கம்மா பதறினாள்.

அவர் குனிந்து, தரையில் ஒரு பாத்திரத்தை வைப்பதுபோல் காட்டி, அண்ணாந்து பார்த்தார்.

மழை! பழைய வாடகை வீட்டில் கூரை ஒழுக, மூவரும் பாத்திரம் பாத்திரமாக வைத்துக்கொண்டு ஓடியதிலிருந்து, அந்தக் குடும்பத்தில் மட்டும் மழைக்கு அதுதான் சைகை. முதல் நாள் பதற்றத்தில் மகள் அதையே நாட்டுக்கெல்லாம் காட்டிவிட்டாள்.

மைக்கம்மா குலுங்கிச் சிரிக்க, கம்பி குலுங்க, படம் உடைந்தது.

"அசையாதடி!" அக்கா அலறினாள்.

படம் திரும்பியது. தன் கைகளை டிவி மறைக்காதபடி அவர் நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்திப் போட்டார். ஒரு கண் திரையில், ஒரு கண் மனைவியிடம். மகள் சொல்லச் சொல்ல அவர் கைகளும் அசைந்தன. அவள் மணிக்கட்டைத் திருப்புகிற அதே திருப்பு. வாக்கியம் முடிந்ததும் மோவாயைத் தூக்குகிற அதே தூக்கு. பசை காய்ந்த அந்த விரல்களில் மைக்கம்மா பெற்ற பெண் அப்படியே வந்து நின்றாள். எங்கோ பாலம் திறந்தார்களாம். எங்கோ பள்ளிக்கு விடுமுறையாம். ஒன்று விடாமல் அவர் சொன்னார்.

மைக்கம்மாவுக்குக் கண் நிரம்பியது. துடைக்கக் கை இல்லை.

அக்காவுக்கே பொறுக்கவில்லை. "போதும்டி, கொஞ்சம் உடைஞ்சாலும் பரவாயில்ல. ஓடி வந்து ஒரு தடவை உன் பொண்ணைப் பாரு!"

"இங்கேயே நல்லாத் தெரியுதுக்கா" என்றாள் மைக்கம்மா. அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி அக்கா கேட்டதே இல்லை.