காற்றுக்கு மேற்பக்கம் நின்று திட்டியவர்கள்

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஏற்றிவரும் மணல் முதலில் பல்லில்தான் கடிபடும்; பிறகு கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தும்; அதற்குப் பிறகு, ஒரு சொல்லும் வழியில் சிந்தாமல், திட்டு வந்து சேரும். எங்கள் ஊர் உதைபந்தாட்ட மைதானம் மேற்கே ஒரு கோலும் கிழக்கே ஒரு கோலுமாகக் காற்றின் போக்கிலேயே கிடந்ததால், அனுபவப்பட்ட ரசிகர்கள் எல்லோரும் மேற்குக் கோலுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். அங்கே நின்று வாயைத் திறந்தால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். என்னைப் புகழ்ந்து கத்திய ஒரே ஆளான என் அம்மா விவரம் தெரியாமல் கிழக்குப் பக்கம் நின்றதால், அவர் என்ன சொல்லிக் கத்தினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்தச் சில வருடங்களில் எனக்குப் பதினாறு வயது. சின்னப் பிள்ளையாக வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமிலேயே வளர்ந்து, மீசை அரும்பும்போது மன்னாருக்குத் திரும்பியவன் நான். முகாமில் எங்கள் மைதானம் இரண்டு வரிசைக் குடிசைகளுக்கு நடுவே ஓடிய சந்து. பந்தை முழங்காலுக்கு மேலே உயர்த்தினால் அது யாருடைய உலைக்குள்ளாவது விழும், பிறகு நமக்கு விழும். ஆகவே பந்தைக் காலோடு ஒட்டவைத்து, உருட்டி, சுற்றி, இடுக்கு பார்த்துத் தள்ளிவிடப் பழகியிருந்தேன். அதைக் கலை என்று யாரும் நினைக்கவேண்டாம். அடிக்குப் பயந்து வந்த பழக்கம்.

ஊர் அணியில் பின்காவலுக்கு நின்றவர் வெளிநாடு போய்விட, அந்த மூன்றாம் இலக்கப் பெனியன் எனக்குக் கிடைத்தது. அது எனக்கு வெறும் துணி இல்லை. ஊரை விட்டு அசையாமல் இருந்த பொடியங்கள் என்னை "இந்தியாக்காரன்" என்றுதான் கூப்பிட்டார்கள். பெனியன் போட்ட அன்றைக்குத்தான் முதல் தடவையாக "ரெஜி" என்றார்கள். அதைக் கழற்றினால் திரும்பவும் இந்தியாக்காரன். விசயம் அவ்வளவுதான்.

கஷ்டம் என்னவென்றால், அது முன்னொரு காலத்தில், பந்தை மதில் போல மறித்ததால் ஊர் 'மதில்' என்று பேர் வைத்த மடுத்தீனின் பெனியன். யுத்தத்துக்கு முதலே டென்மார்க் போய்ச் சேர்ந்துவிட்ட அந்த மனிதரை நான் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அவரை வெறுத்த அளவுக்கு நான் இன்னும் ஒருவரையும் வெறுக்கவில்லை. புத்தளத்தில் பன்னிரண்டு வருசம் இருந்துவிட்டு உப்புக்குளத்துக்குத் திரும்பிய காசிம் நானாவின் கதையில் வரும் மடுத்தீன், இடது காலால் அடித்தால் பந்து பனைக்கு மேலால் போகும். முகாமிலிருந்து வந்த, எங்கள் அணிக்குப் பொறுப்பான சூசை மாமாவின் மடுத்தீனோ வலது காலன். தலையால் முட்டினால் கோல் கம்பம் ஆடும். எங்கும் போகாமல் இருந்தவர்களிடம் மூன்றாவதாக ஒரு மடுத்தீன் இருந்தார். ஆளுக்கொரு இடத்தில் காலம் தள்ளி, ஆளுக்கொரு மடுத்தீனைச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். இத்தனை மடுத்தீன்களுக்கும் ஈடு கொடுக்க என்னிடம் இருந்ததோ நாற்பத்தெட்டுக் கிலோ.

நான் பந்தை நிறுத்தி, தலையை உயர்த்திப் பார்த்து, பக்கத்தில் நிற்பவனுக்கு மெதுவாகத் தள்ளுவேன். உடனே மேற்கிலிருந்து வரும்:

"டேய் தம்பி, பந்தைத் தாலாட்டி நித்திரையாக்கப் போறியா? அடிடா!" அது காசிம் நானா.

"உதைபந்தாட்டம் எண்டு பேர் வைச்சது உதைக்கத்தான்டா. உருட்டுறதெண்டால் சைக்கிள் றோதை உருட்டு!"

"மதில் நிண்ட இடத்தில இப்ப வேலிப் படலை நிக்குது!"

இந்தக் கடைசி வசனம் ஊருக்குப் பிடித்துப்போய் "படலை" என் பட்டப்பெயராகிவிட்டது. எதிரணிக்காரன் பந்தோடு வந்தால் எங்கள் ஆட்களே அவனை மரியாதையாக அழைப்பார்கள்: "வாங்கோ, வாங்கோ, படலை திறந்துதான் கிடக்கு!"

இவ்வளவுக்கும் அந்தப் பருவத்தில் என்னைத் தாண்டிப் போய் ஒருவனும் கோல் அடிக்கவில்லை. அதை யாரும் எண்ணவில்லை. உயரப் போகாத பந்து அவர்கள் கணக்கில் பந்தே இல்லை.

திருநாள் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் அடம்பன் பக்கத்து அணியோடு. தொடங்க முதல் சூசை மாமா என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இண்டைக்கும் உருட்டினாயெண்டால், இடைவேளையோட பெனியனைக் கழட்டி வைச்சிட்டுப் போ."

முதல் பாதியில் நாங்கள் கிழக்குக் கோலைக் காத்தோம். காற்று நேரே முகத்தில். அரை மணித்தியாலம் தாக்குப்பிடித்தேன். பிறகு ஒரு பந்து என் காலுக்கு வந்தது. சுற்றிவர ஒருவரும் இல்லை; வலப்பக்கம் எங்கள் ஆள் சும்மா நிற்கிறான்; ஒரு தட்டுத் தட்டினால் போதும். அந்த நேரம் பார்த்து மேற்கே நின்ற அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்து "அடி!" என்றது. என் மூளை அந்த இடத்தில் என்னை விட்டு இறங்கி நடந்து போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாழ்க்கையிலேயே முதன்முறையாக வானத்தைப் பார்த்து அடித்தேன். பந்து ஏறியது, ஏறியது, சோளகத்தில் முட்டி ஒரு கணம் யோசித்தது, பிறகு திரும்பி என் தலைக்கு மேலாலும், முன்னே வந்து நின்ற எங்கள் கோல் காப்பாளரின் தலைக்கு மேலாலும் போய், எங்கள் கோலுக்குள்ளேயே விழுந்தது.

அடிக்கச் சொன்னவர்கள்தான் ஆகக் கூடுதலாகத் திட்டினார்கள். "அல்லாஹ்வே! மடுத்தீன் இதைக் கண்டிருந்தா நெஞ்சடைச்சுப் போயிருப்பான்" என்றார் நானா. இடைவேளையில் சூசை மாமா கையை நீட்டினார், பெனியனுக்கு. ஆனால் எனக்குப் பதிலாக இறங்கவேண்டிய பொடியன் மேற்குப் பக்கத்துச் சனத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, தனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லிக் கிணற்றடிப் பக்கம் போனவன்தான், திரும்பி வரவில்லை. மாமா கையை மடக்கிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் காற்று முதுகில். திட்டியவர்கள் இப்போது என் கோலுக்குப் பின்னாலேயே, கையெட்டும் தூரத்தில். பயத்தில் நான் உருட்டுவதை மறந்தேன். வந்ததையெல்லாம் கண்ணை மூடி அடித்தேன். அதில் ஒன்று, அதே கால், அதே பயம், அதே மூடிய கண், மைதானம் முழுவதையும் கடந்து, அடம்பன் கோல் காப்பாளருக்கு முன்னால் ஒரு தடவை குத்தி, அவர் கைக்கு மேலால் உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று சமமாக முடிய, தண்டனை உதையில் வென்றோம். காசிம் நானா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "மடுத்தீன்ட வாரிசுடா!" என்று கத்தினார். முதல் பாதி என்று ஒன்று நடந்ததாக அன்று இரவே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மடுத்தீனுக்கும் இப்படி ஒரு பின்னேரம் வாய்த்திருக்கும் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

அதற்குப் பிறகு எட்டு வருசம் அந்தப் பெனியனைப் போட்டேன். ஒரு பந்தையும் உருட்டவில்லை.

இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டேன். மைதானத்தில் மணல் போய்ப் புல் வந்துவிட்டது; மேற்குக் கோலுக்குப் பின்னால் எழும்பிய மாடிக் கட்டடம் காற்றை முழுதாக மறித்து நிற்கிறது. காசிம் நானாவும் இல்லை, சூசை மாமாவும் இல்லை. இந்த வருசம் பின்காவலில் டிலக்சன் என்று பதினேழு வயதுப் பிள்ளை நிற்கிறான். இரண்டு பேருக்கு நடுவே பந்தை நழுவவிட்டு அவன் திரும்பும் அழகைப் பார்த்தால், நான் முகாமில் அடிக்குப் பயந்து பழகியதை இவன் ஆசைப்பட்டுப் பழகியிருக்கிறான் என்று விளங்கும். சனம் அவனைக் கடித்துத் துப்புகிறது. "ரெஜி அண்ணையின்ர அடி எங்க, உவன்ர தடவல் எங்க!" பக்கத்தில் நின்ற ஒருவன் திரும்பி, "சொல்லுங்கோ அண்ணை, நீங்கள் ஒரு நாளாவது உப்பிடி உருட்டினனீங்களோ?" என்று கேட்டான்.

"சீச்சீ" என்றேன். நாற்பது வயதின் வீரம்.

ஆட்டம் முடிந்ததும் மனம் கேட்கவில்லை. சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த டிலக்சனிடம் போய், இருந்ததை இருந்தபடி சொன்னேன்: என் முதல் அடி எங்கள் கோலுக்குள் போனது, இரண்டாவதை அடித்தது நான் இல்லை, காற்று. மடுத்தீனே ஒரு நாள் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பாமல் பார்த்திருக்கக்கூடிய பார்வையால் அவன் என்னைப் பார்த்தான். பிறகு அசையாத புல்லைப் பார்த்தான்.

"எந்தக் காத்து அண்ணை?"

நான் கட்டடத்தைக் காட்டினேன். அவன் சிரித்தான்; ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் பெரிய மனசு எனக்கு என்று நினைத்திருப்பான்.

"பரவாயில்லை அண்ணை. நானும் அடிக்கப் பழகுறன். இல்லாட்டி உவங்கள் என்னை விளையாட விடமாட்டாங்கள்."

அடுத்த ஞாயிறு பந்து அவன் காலுக்கு வந்தது. வலப்பக்கம் அவனுடைய ஆள் சும்மா நின்றான். டிலக்சன் கண்ணை மூடினான், அடித்தான். பந்து மதிலுக்கு வெளியே எங்கேயோ போய் விழுந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. பக்கத்தில் நின்றவன் திரும்பி என்னைப் பார்த்தான். நானும் தட்டினேன்.