பூங்காவனம் வாய் திறந்தபோது

காலை 10.15. மதகடிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். யாரைப் பேட்டி எடுக்கச் சேலத்திலிருந்து வந்தேனோ, அந்தக் கதைப்பாட்டுக்காரி பூங்காவனத்தின் குரல் ஏதோ சாவு வீட்டு ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. நேற்று மாலைதான் அவர் கணவர் ஏழுமலை போனில் வரச் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று ஆட்டோக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"பென்டிரைவுல ஓடுது சார். அந்தம்மா வூட்ல நல்லாத்தான் இருக்குது."

எண்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை. தெற்கே நான்கு கிலோமீட்டர், இருபுறமும் கரும்பு. குரல் தேய்ந்துபோகும் என்று பார்த்தால், வழியில் இன்னொரு ஊரில் இன்னொரு சாவு, அதே குரல்.

11 மணி. பூங்காவனத்துக்கு நாற்பத்தொரு வயது. குசுகுசுவென்றுதான் பேசினார். நடவு வயலில் பாடிக்கொண்டிருந்தவரை அம்மன் கோயில் திருவிழாவில் மேடையேற்றியிருக்கிறார்கள். இருபது வயதில் கர்ணன் செத்த கதையை ஒரு கேசட்டுக்குப் பாடினார். கேட்டு அழாத ஆள் இல்லை. சவுண்டு சர்வீஸ்காரர்கள் அதைச் சாவு வீடுகளில் போட ஆரம்பித்தார்கள். போடப் போட, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவரைக் கூப்பிடுவது நின்றது. கடையில் வாய்விட்டு உப்பு கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள் வெலவெலத்துப் போவார்களாம்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஆண்குழந்தைக்கு இப்போது நாலு மாதம். அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு தடவைகூடப் பாடவில்லை. தெருவில் சாவு விழுந்தால் அதன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். தாலாட்டெல்லாம் ஏழுமலையின் செல்போனில்தான். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

மதியம் 2.30. காலையில் தடுப்பூசி போட்ட குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. செல்போன் தாலாட்டு மூன்று முறை ஓடியும் பலனில்லை. அழுது அழுது மூச்சுப் பிடித்துக்கொண்டது. ஏழுமலை செல்போனை அணைத்தார்.

"பாடுடி. இன்னா ஆனாலும் ஆவட்டும்."

பாடினார். சாதாரணத் தாலாட்டுதான். ஆனால் என் காதில் ஒப்பாரியாகத்தான் விழுந்தது. இரண்டாவது அடி முடிவதற்குள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். செருப்பைக் கழற்றியிருந்தார்கள். ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"யாருக்கு இன்னா ஆச்சி?"

பூங்காவனம் நிறுத்தினார். குழந்தை மறுபடி வீறிட்டது. ஏழுமலை கதவைச் சாத்தப் போனார்.

"தெறந்தே இருக்கட்டும்" என்றார் பூங்காவனம். அவர் முழுக் குரலில் பேசி அப்போதுதான் கேட்டேன்.

திரும்பவும் பாடினார். வந்தவர்கள் கலையவில்லை. பாடையைப் பார்த்து நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள். குழந்தை சட்டென்று அடங்கியது. அவர் அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு ஏழுமலை வைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் வைத்தேன். மூச்சு சீராக, சூடாக வந்தது.

மாலை 5.10, விழுப்புரம் பஸ். எங்கள் சேலத்து வீட்டில் அம்மா பாடினால் நாங்கள் தூங்கிவிடுவோம், அவ்வளவுதான். யாரும் ஓடிவந்ததில்லை. பக்கத்து சீட்டில் ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை அசையாமல் தூங்கியது. என் விரல் தன்னால் அதன் மூக்கருகே போய்விட்டது. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கி மறுதோளில் போட்டுக்கொண்டாள்.