காப்புக் கட்டிய கையும் கிளட்ச் மிதித்த காலும்

தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவளுக்குச் சோறு போடுவது கை அல்ல, கிளட்ச் மிதிக்கும் இடது கால். மலேசியாவில், ரந்தாவிலிருந்து செனாவாங்கிற்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது. முட்டி வலியோடு இதைப் படிப்பவர்கள் காலை நீட்டிக்கொண்டு படியுங்கள்.

டொக்

நல்ல மழை. வேனைவிட்டு இறங்கும்போது இடது பாதம் சாக்கடை விளிம்பில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் முட்டி இருந்த இடமே தெரியாமல் வீங்கிவிட்டது. கிளினிக் டாக்டர் காலை மடக்கி இழுத்துப் பார்த்தார். லிகமெண்ட் அறுந்திருக்கும் போலிருக்கிறது, சிரம்பானில் ஸ்கேன் எடுக்க வேண்டும், பயிற்சியா ஆபரேஷனா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம், அதுவரை காலைத் திருப்பாதே என்றார். தினமும் முன் சீட்டில் வரும் சாந்தி அக்காவிடம் சொன்னேன்.

"ஐஸ் வெச்சா சரியாயிரும் லா. நீ என்ன மரமா ஏறப்போற?"

நேராகப் போனால் நல்ல கால்

சில வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடந்தேன், கிளட்ச் மிதித்தேன், ஒன்றும் தெரியவில்லை. அடுப்படியில் சட்டியோடு சட்டென்று திரும்பினால் மட்டும் முட்டி யாருடையதோ போல நழுவும். அசதி என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வேன் பக்கத்திலேயே தடுமாறியபோது, கடைசி சீட்டு தேவி பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, உங்க காலு நேரா நல்லா போகுது, ரிவர்ஸ் போற கோஸ்தான் கியர்தான் விழல."

ஸ்கேன் தேதி

ஸ்கேனுக்குக் கொடுத்த நாள் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்குள் வந்து விழுந்தது. நான் பூங்கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினவர்கள் எஸ்டேட் எல்லையைத் தாண்டுவதில்லை. வேனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டேன், ஸ்கேனுக்குப் போகவில்லை. வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

"சாமி காரியம் முடியட்டும். ஸ்கேன் மெஷின் எங்க ஓடிடப் போகுது?"

கோயில் வாசல்

கரகத்தோடு கோயில் வாசலில் சுற்றி ஆடும்போது உருமி வேகமெடுத்தது. திரும்பினேன், முட்டி திரும்பவில்லை. கரகத்தை யாரோ தாங்கிவிட்டார்கள், என்னைத்தான் யாரும் தாங்கவில்லை. மடங்கிய கால் நீளவே இல்லை.

இந்தத் தடவை ஸ்கேனில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற சவ்வும் கிழிந்திருந்தது. ஆபரேஷனில் லிகமெண்டை மாற்றினார்கள், சவ்வில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். விழுவதற்கு முன்னால் வந்திருந்தால் பயிற்சியே போதுமாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது நடக்கிறேன். ஆனால் செனாவாங் போய்வர கிளட்ச் மிதித்தால் முட்டி வீங்கிவிடுகிறது. வேனை விற்றுவிட்டோம். கோயிலில் விழுந்தபோது அழாதவள், சாவியைக் கொடுத்தபோது அழுதேன்.

கோயில் தலைவர் மாமா பார்க்க வந்தார். "காப்போட எப்படி மாமா எல்லையத் தாண்டுவேன்?" என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரின்னா பூசாரி அம்மன்கிட்ட உத்தரவு கேட்டு, காப்ப அவுத்து உன் தங்கச்சி கையில கட்டியிருப்பாரும்மா. எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கோம். நீ வந்து கேக்கவே இல்லையே."

முட்டி வலிக்காரர்களே, டாக்டரையும் கேளுங்கள், அம்மனையும் கேளுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து என்னைப்போல் நீங்களே பதில் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.