பக்கத்து வீட்டு முன்னாள் எம்.பி.

இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு மகளோடு இருக்க வந்தவர் ஜப்பான் நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர். வந்த அன்றே கதவைத் தட்டி, இரண்டு கைகளாலும் முகவரி அட்டையை நீட்டினார். அதில் 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்பதைப் பேனாவால் வெட்டியிருந்தார். வாசிக்க முடியாமல் போய்விடாதபடி மெல்லிய கோடு.

அவருடைய அரசியல் வரலாறு வேலியோரக் கதைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தகப்பன் எம்.பி. அவர் கண்ணை மூடியதும், வயலும் வளவும் வருவதுபோலத் தொகுதியும் மகனுக்கு வந்தது. பல வருடங்கள் சபையில் நிம்மதியாக நித்திரை கொண்டார். கடைசியில், தொலைக்காட்சியில் வானிலை வாசித்த ஒரு பெண் எதிர்த்து நின்றாள். தொகுதி அவளோடு போய்விட்டது.

"நித்திரை தவிர வேறு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"செத்தவீடுகளுக்குப் போனேன்" என்றார் தன் சிக்கனமான ஆங்கிலத்தில். "செத்தவர் வாக்குப் போடமாட்டார். அழுகிறவர்கள் போடுவார்கள்."

அந்தப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. என் மாமா இறந்தபோது கறுப்புக் கோட்டோடு வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் இடுப்பு வளைந்து வணங்கினார். அதன்பிறகு மொன்றியலில் எந்தத் தமிழர் வீட்டில் சாவு, சாமத்தியம், பிறந்தநாள் என்றாலும், அழைப்பில்லாமலே முன்வரிசையில் ஆள் இருந்தார்.

அப்படித்தான் பார்க் எக்ஸ்டென்ஷனில் நடந்த எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கும் வந்தார். மைக் யாருடைய கையில் இருப்பது என்று இரண்டு கோஷ்டிக்குள் தொடங்கிய சண்டை, கதிரை தூக்கும் கட்டத்துக்குப் போனது. மட்டக்களப்பு அண்ணை ஒருவர் எழும்பினார்.

"உங்கள்ள ஒருத்தரும் வேணாம்! இந்த ஜப்பான்காரரைத் தலைவராப் போடுவம். எங்கட எல்லாச் செத்தவீட்டுக்கும் வந்த ஒரே ஆள் இவர்தான்."

யாராலும் மறுக்க முடியவில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. மேடையேறி, ஜப்பானிய மொழியிலேயே நீண்ட ஏற்புரை நிகழ்த்தினார். ஒரு சொல்லும் விளங்காததால் எதிர்ப்பும் எழவில்லை.

இரண்டு கோஷ்டியும் மாறி மாறி அவரிடம் முறையிட்டன. எல்லாருக்கும் ஒரே பதில்: "நல்ல மனதோடு பரிசீலிக்கிறேன்." வந்தவர்கள் திருப்தியோடு போனார்கள்.

"அதற்கு என்ன அர்த்தம்?" என்று ஒருநாள் தனியாகக் கேட்டேன்.

"முடியாது என்று அர்த்தம். என் நாட்டில் குழந்தைக்கும் தெரியும்."

அந்த வருடம் சங்கம் ஒன்றுமே செய்யவில்லை. அவ்வளவு சமாதானமான வருடத்தை நாங்கள் கண்டதில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் வீடு விற்கும் தரகர் ஒருவர், கோடையில் எல்லாரையும் பஸ்ஸில் டொரண்டோவுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தார். எங்கள் ஆள் தோற்றார்.

மறுநாள் காலை வேலைக்குப் போக ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்கு வந்தால், வாசலில் கோட்டும் டையுமாக அவர். போகிற வருகிறவர்களை எல்லாம் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரி ஒருத்தி பதறிப்போய் "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று தானும் குனிந்தாள்.

"ஐயா, இந்த ரயிலில் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள்" என்றேன்.

"தோற்றவர் மறுநாள் ரயில் நிலைய வாசலில் நின்று நன்றி சொல்ல வேண்டும். அதுதான் முறை." இன்னொருவருக்கும் குனிந்து நிமிர்ந்தார். "அங்கே தோற்றபோது நான் சொல்லவில்லை. காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். பிறகு இங்கே வந்துவிட்டேன்."

எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல், சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நானும் குனிந்தேன். ரயில் போய்விட்டது.