மூன்று வாசல் கணினி

பாகூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது இடது கால் செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். மணப்பட்டு பக்கத்தில் ஒரு இறால் குட்டையில் நான்கு மாதம் தீனி போடும் வேலை பார்த்திருந்தேன். மோட்டார் கொட்டகையில் படுக்கை. மழை பெய்தால் உட்கார்ந்துகொண்டே தூங்க வேண்டும். அதற்காகக் கிளம்பவில்லை. எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது, அவ்வளவுதான். ஆயுத பூஜைக்குக் கொடுத்த பொரி பையில் பாதி மீதமிருந்தது. அதைத் தின்றபடியே வந்தேன்.

சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஆதார் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். என் அட்டை குட்டையில் விழுந்து ஊறிப் போயிருந்தது. நம்பர் மட்டும் மனப்பாடம். போகிற வழியில் எங்காவது பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று கரிக்கலாம்பாக்கம் வரை வந்துவிட்டேன்.

ஊரெங்கும் பூஜை முடிந்த மிச்சம் கிடந்தது. ரோட்டில் உடைத்த பூசணிக்காயின் மேல் ஈ மொய்த்தது. ஆட்டோ, டிராக்டர், இரும்புக்கடைத் தராசு எல்லாவற்றிலும் காய்ந்த சாமந்தி. கம்ப்யூட்டர் சென்டர் என்று எழுதியிருந்த ஒற்றை அறைக் கடையின் வாசலிலும் வாழைக்கன்று வாடி நின்றது. பூஜை அன்றும் மறுநாளும் மூடியிருந்து அன்று காலையில்தான் கடையைத் திறந்திருந்தார்கள்.

உள்ளே கணினியின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கடை அவருடையது. முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. கீழே திரை முழுக்கக் கருப்பு. இரண்டே வரி ஆங்கிலம்.

“மிசினு எந்திரிக்க மாட்டேங்குதுண்ணே,” என்றார் என்னைப் பார்க்காமலே. “அவசரம்னா பாகூர்ல போய்ப் பாருங்க.”

“பாகூர்லேர்ந்துதான் நடந்து வரேன்.”

“அப்ப ஒக்காருங்க.”

எனக்கு முன்னால் ஒரு மீன்கார அம்மா உட்கார்ந்திருந்தார். பூரணாங்குப்பத்துக்காரர், தினமும் இந்த ஊரில்தான் மீன் விற்கிறார். மீன் கூடையை ஈரச் சாக்கால் மூடிக் காலுக்கிடையில் வைத்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தாளு ஒக்காந்தா இன்னா, நின்னா இன்னா. எம் பொண்ணு கதைக்கு வழி சொல்லு பாப்பா.”

கதை இதுதான். அவருடைய மகளுக்குக் கடைசிச் சுற்றில் அரசு நர்சிங் சீட்டு வந்திருக்கிறது. அன்று மாலை நான்கு மணிக்குள் சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். சீட்டு கிடைக்குமோ என்னவோ என்று பயந்து முன்பே ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்திருந்ததால் அசல் சான்றிதழ்கள் அங்கே மாட்டிக்கொண்டன. கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்களாம். மகளின் பழைய போனில் இருந்த படங்கள் போனோடு கடலுக்குப் போய்விட்டன. அசலைக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கடையில் ஸ்கேன் செய்தது மட்டும்தான் மிச்சம். அது இந்த எந்திரத்துக்குள் இருந்தது. எந்திரம் விழிக்கவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

“ரெண்டு எடத்துல வெச்சிருக்கணும்க்கா. எந் தப்புதான்,” என்றார் கடைக்காரப் பெண். சொல்லிவிட்டு அழவோ கையைப் பிசையவோ இல்லை. மேசை டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவைத் தேடினார். இப்படி எந்திரம் படுத்துக்கொண்டால் எழுப்புவதற்கென்றே ஒன்று வைத்திருந்தாராம், கருப்பு நிறத்தில். அது இல்லை. டிராயரை மூடினார். “செரி, கையாலயே பாக்கலாம்.”

அந்தக் கணினிக்குள் மூன்று இயங்குதளங்கள் இருந்தன. அவருடைய ஸ்கேனரும் தமிழ் டைப்பிங்கும் பழைய விண்டோஸில்தான் ஓடும். விண்ணப்பம் போடப் புது விண்டோஸ். ஊரார் கொண்டுவரும் பென் டிரைவ்களில் வைரஸ் இருக்கும் என்பதால் முக்கியமான கோப்புகளை லினக்ஸில் பூட்டி வைப்பார். கணினியைப் போட்டதும் எந்த வாசல் வழியாகப் போகிறாய் என்று கேட்க ஒரு சின்ன நிரல் உண்டு. பூட்லோடர் என்பார்கள். வாட்ச்மேன் மாதிரி. அவன்தான் இப்போது மூன்று வாசலில் எதையும் காட்டாமல், தேடிய அறை இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றான். இதெல்லாம் அன்றைக்கு அவர் வேலையின் நடுவே துண்டு துண்டாகச் சொன்னது. எனக்குப் புரிகிற அளவுக்கு இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

“அண்ணே, ஏ பி சி டி எழுதுவீங்களா?”

“எட்டாவது பாதியில நின்னவன். எழுதுறது வரும், அர்த்தம் வராது.”

“அர்த்தத்த நான் பாத்துக்குறேன். நான் அடிக்கிறதையும் அது சொல்றதையும் அப்டியே எழுதுங்க.”

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கொடுத்தார். அவர் ஒரு வரி அடிப்பார், எந்திரம் ஒரு வரி சொல்லும், நான் எழுதுவேன். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். முதலாவதைப் பிரித்ததில் இரண்டு அறை, அடுத்ததில் மூன்று. ஒவ்வொரு அறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். முதல் அறை, தெரியாது. இரண்டாவது, தெரியாது. இரண்டாவது டிஸ்க்கின் முதல் அறை, அதுவும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

நான் எத்தனையோ பேர் ரிப்பேர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், கரும்பு மெஷின், லாரி. முதல் பத்து நிமிஷம் பொறுமையாக இருப்பார்கள். பிறகு தட்டுவார்கள். பிறகு நான்கு சாமானை ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். அது ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. இவர் ஒன்றை மாற்றுவார், பார்ப்பார், எழுதினேனா என்று கேட்பார், பிறகுதான் அடுத்தது. மீன்கார அம்மா நிமிஷத்துக்கொரு தடவை மணி கேட்டார். அதற்கும் சலிக்காமல் பதில் சொன்னார்.

ஐந்தாவது அறை பதில் சொன்னது. திரையில் ஒரு வரிசைப் பெயர்கள் ஓடின.

“இருக்குதுக்கா.”

“இன்னா இருக்குது? சர்டிபிகேட்டா?”

“சர்டிபிகேட் இருக்குற வூடு இருக்குது. உள்ள போவணும்.”

“வூட்டக் கண்டுபுடிச்சதுக்கா இவ்ளோ நேரம்? நான் மீனே வித்துட்டு வந்திருப்பேன்.”

“வித்துட்டு வாயேன்க்கா.”

“போவ மாட்டேன். நான் போனா நீ சோறு துன்னப் போயிடுவ.”

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டு, அந்த அறையில்தான் உன் சாமான்கள் இருக்கின்றன, அங்கிருந்து எடுத்துக்கொள் என்று வாட்ச்மேனுக்குச் சொல்லும் இரண்டு வரிகளை அடித்தார். மூன்றாவது வரி அடித்ததும் வேறு ஒரு தகராறு வந்தது. எதையோ தேடினேன், கிடைக்கவில்லை என்றது. எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேன். மறுபடி அடித்தார், அதே பதில்.

அப்போது அவர் செய்ததுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் கையிலிருந்த தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“வூடு செரியா இருக்கு. வழியும் செரி. சாமானும் அங்கியே இருக்கு. அத இவனுக்கு எடுக்கத் தெரில,” என்றார். “இவன் இப்ப இருக்குற ஆளு இல்லண்ணே. பழைய ஆளு. நாலு வருசம் முன்ன பழைய டிஸ்க்குல லினக்ஸ் போட்டிருந்தேன். அப்புறம் அத அழிச்சிட்டுப் புது டிஸ்க்குல போட்டேன். லினக்ஸ அழிச்சேன், வாசல்ல நின்னவன அனுப்பாம உட்டுட்டேன்.”

“அவன் இன்னாத்துக்கு இன்னிக்கி வந்து முன்ன நிக்கிறான்?” என்று கேட்டேன்.

“அதான்,” என்றார். போனை எடுத்தார். “எங்க இருக்க? கொல்லையிலயா? கொஞ்சம் வந்துட்டுப் போ.”

வந்தவர் அவருடைய கணவர். கடைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் பயிர் வைப்பவர். முழங்கால் வரை சேறு. வாசலிலேயே நின்றார்.

“பூசை அன்னிக்கி மிசின இன்னா பண்ண?”

“இன்னா பண்ணேன். தொடச்சேன், பொட்டு வெச்சேன்.”

“எங்க வெச்ச?”

“மிசினு மேல.”

“மேல மட்டுமா?”

அவர் குனிந்து கூடையைப் பார்த்தார். “சங்கராவாக்கா? நல்லா செவப்பா கீது.”

“மீன உடுய்யா. மிசினுக்கு பதில் சொல்லு,” என்றார் மீன்கார அம்மா.

கடைக்காரப் பெண் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கரண்டை நிறுத்தி, கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் நடுநெற்றியில் வைத்தது போலச் சந்தனம், அதன் மேல் குங்குமம். விசிறிக்கும் ஒன்று இருந்தது.

“டிராக்டருக்கு ரேடியேட்டரு வரிக்கும் வெக்கிறேன். இதுக்கு மட்டும் வெளிய வெச்சா செரியா?” என்றார் கணவர். “ரெண்டையும் கயட்டி, பம்புல காத்து அடிச்சி, பொட்டு வெச்சி, திரும்ப மாட்டிட்டேன். ஒயரு ரெண்டும் ஒரே மாதிரிதாம்மே இருந்துச்சி.”

ஒயர் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. இடம் மாறிவிட்டது. முதல் இடத்தில் இருந்த டிஸ்க் இரண்டாவதற்குப் போக, பழைய டிஸ்க் முன்னால் வந்து நின்றது. அதனோடு பழைய வாட்ச்மேனும் வந்துவிட்டான். பெட்டியைத் திறக்காமல், நான் அர்த்தம் தெரியாமல் எழுதிய முக்கால் பக்கத்தைப் படித்தே, தன் புருஷன் பூஜை அன்று என்ன செய்தார் என்று அந்தப் பெண் கண்டுபிடித்திருந்தார். அவருக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. ஒயரை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கருப்பு பென் டிரைவு?”

“டிராக்டர்ல பாட்டு ஓடுதே, அதாம்மே அது.”

மீன்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் தடவையாக. கடைக்காரப் பெண்ணும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஆனா நல்லாத் தொடச்சிருக்க. நான்கூட இவ்ளோ சுத்தமாத் தொடச்சதில்ல,” என்றார். அது குத்தலாக இல்லை. அவர் நிஜமாகவே உள்ளே பார்த்துத்தான் சொன்னார். கணவர் சேற்றுக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

கணினியைப் போட்டதும் மூன்று வாசலும் வரிசையாகத் திரையில் வந்தன. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தார். கோப்புகள் இருந்தன. இருந்தாலும் வேலை லேசில் முடியவில்லை. விண்ணப்ப இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகளுக்குப் போன் போட்டு ஓ.டி.பி. கேட்டால் அது வருவதற்குள் நேரம் தாண்டிவிடும், மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை அப்படி ஆயிற்று. மீன்கார அம்மா எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மூன்றே முக்காலுக்குக் கடைசிச் சான்றிதழ் ஏறியது. ஏற்றுக்கொண்டதற்கான ரசீதை பிரிண்டர் துப்பியதும் அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். மீன் கை என்று ஞாபகம் வந்து, மறுபடி மேசைமேல் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“போயிட்டு வரேன் பாப்பா,” என்று மட்டும் சொன்னார். போன பிறகு பார்த்தால் மேசைக்குக் கீழே வாழை இலையில் நான்கு சங்கரா.

கடைக்காரப் பெண் அதோடு கடையை மூடவில்லை. எனக்கு ஆதார் எடுத்துக் கொடுத்தார். முக்கியமான கோப்புகளையெல்லாம் டிராக்டரிலிருந்து மீண்டு வந்த பென் டிரைவில் ஒரு பிரதி போட்டார். பிறகு பழைய டிஸ்க்கிலிருந்த வாட்ச்மேனை நிரந்தரமாக அனுப்பிவைத்தார். கடைசியாகப் பூஜைத் தட்டிலிருந்து நூல் எடுத்து, ஒரு டிஸ்க்கிலும் அதன் ஒயரிலும் மஞ்சள் நூல், இன்னொன்றில் சிவப்பு நூல் கட்டினார். பொட்டை அழிக்கவில்லை. “இருந்துட்டுப் போவட்டும்,” என்றார்.

கணவர் வாசலில் குத்துக்காலிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“வாட்ச்மேன் வேலையா? அங்க ஒக்காந்தே இருக்கணும். நீ ஒக்காருற ஆளா தெரியிலியே. நாத்துப் பறிக்க ஆளு கெடைக்கல. பறிப்பியா?”

“பறிப்பேன்.”

அன்று அவர்களுடைய பம்ப்செட் அறையில் படுத்தேன். அங்கே ஒழுகவில்லை.

காலை ஆறு மணிக்கு நாற்றங்காலில் இறங்கினேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்றங்கால், இரண்டு ரக நெல். எனக்கு இரண்டும் ஒரே பச்சைதான். ஒன்று மேட்டுக் கழனிக்கு, மற்றது பள்ளத்துக் கழனிக்கு. மாறிப்போனால் அறுப்பில்தான் தெரியும் என்றார் கணவர். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழைய புடவையைக் கிழித்த துணி நாடாக்கள், மஞ்சள் கொஞ்சம், சிவப்பு கொஞ்சம். போன வருஷம் வரைக்கும் இதெல்லாம் இல்லை என்று வரப்பில் நின்ற இன்னொரு ஆள் சொன்னார். கணவர் அதைக் காதில் வாங்காமல் மஞ்சளை என்னிடம் நீட்டினார்.

“நாத்து முடிக்கு ஒண்ணு கட்டு. கட்டிட்டு அப்புறம் அடுத்தது பறி.”

நான் குனிந்து முதல் கைப்பிடி நாற்றைப் பறித்து, வேரை நீரில் அலசி, மஞ்சள் நாடாவைக் கட்டினேன்.