சீரகசம்பாவுக்கு முதல் எழுத்து என்ன?

மதியம் 1.30. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் என் போன் ஊமையாகிவிட்டது. நம்பரைப் புதிய கம்பெனிக்கு மாற்றக் கொடுத்திருந்தேன். பழையவன் கைகழுவிவிட்டான், போனுக்குள் உட்கார்ந்திருந்த புதிய சிம்முக்கு இன்னும் உயிர் வரவில்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் அனுபவச் சான்றிதழ் வாங்க, பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தேன். அது கிடைத்துவிட்டது. எந்த வேலைக்காக வாங்கினேனோ அதற்கான நேர்காணல் மூன்றரைக்கு, வீடியோவில். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லித்தரும் வேலை. பல மாதங்களாக வீட்டில் சும்மா இருக்கிறேன். இதை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. ஊர் திரும்பவும் நேரமில்லை. வை-ஃபை எங்கே இருந்தாலும் பிடித்தே தீருவது என்று கிளம்பினேன்.

2.00. ரயில் நிலையத்துக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். அங்கே இலவச வை-ஃபை இருந்தது. போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி அனுப்பிவிட்டதாகச் சொன்னது. எங்கே? செத்துக் கிடக்கும் இதே போனுக்கு! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

பிளாட்பாரத்தில் இருவரிடம் அவர்கள் நம்பரைக் கேட்டேன். திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வெளியே என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் சவாரிக்குக் காத்திருந்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன். ஓடிபிக்கு அது போதும்.

"ஏனுங்கண்ணா, உங்க நம்பரப் போட்டுக்கட்டுங்களா? ஒரு ஓடிபி வரும், அதச் சொன்னாப் போதுமுங்க."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். "யக்கா, சோறு கேளுங்க, வாங்கித் தாரேன். ஓடிபி மட்டும் கேக்காதீங்க. எம் மச்சினன் ஒருத்தன்ட்டச் சொல்லிப்புட்டு அம்புட்டையும் விட்டுட்டு நிக்கிறான்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என் அம்மாவுக்கு நானே தினமும் ஓதுகிற பாடம் அது. எப்படித் திட்டுவது?

அவருக்கே மனசு கேட்கவில்லை. "ஏறுங்க. நம்ம பாய் கடையில வை-ஃபை இருக்கு. நம்பரெல்லாம் கேக்காது."

2.50. பேகம்பூர், பிரியாணிக் கடை. மதியக் கூட்டம் கலைந்திருந்தது. கல்லாவில் இருந்த பாயிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒக்காருங்கம்மா. பாஸ்வேர்டு நம்ம அரிசி பேருதான், சீரகசம்பா. இங்கிலீசுல சேத்து அடிங்க."

எஸ் போட்டு இரண்டு ஈ போட்டேன். தவறு. ஒரே ஐ போட்டேன். ஜே போட்டு ஜீரகம் ஆக்கினேன். ககரத்துக்கு ஜி, பிறகு கே. பிறகு ஒரு ஹெச்சைச் செருகிப் பார்த்தேன். பத்து வருஷம் தமிழ் நடத்தியவளுக்கு ஓர் அரிசியின் பெயரை எழுத வரவில்லை. மணி 3.20. ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று இருந்தேன்.

"என்னம்மா, உள்ள போகலையா? வை-ஃபை மாட்டுன ஆளு நம்ம போர்டப் பாத்துதான் வச்சாரு."

வாசலுக்கு ஓடினேன். தமிழில் சீரகசம்பா பிரியாணி. கீழே ஆங்கிலத்தில் CRAGASAMBA. 'சீ' என்ற ஓசைக்கு, பெயரே 'சி' என்றிருக்கும் எழுத்து ஒன்று போதுமே என்று பெயிண்டர் நினைத்திருக்கிறார். அவர் கணக்கில் தப்பே இல்லை. அடித்தேன், திறந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

3.30. திரையில் வந்த அம்மையார் கடைசியாகக் கேட்டார்: "எங்கள் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்திலேயே வாசித்துவிடுகிறார்கள். தமிழ் எழுத்து எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

தயார் செய்து வைத்த பதிலெல்லாம் மறந்துபோனது. போனை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பலகையைக் காட்டினேன். "மேல் வரியை நான் ஒரே ஒருவிதமாகத்தான் எழுத முடியும். கீழ் வரியை அரை மணி நேரமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை." நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். முடிவை இன்றே தெரிவிப்போம் என்றார்.

பாய் டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. "கெடச்சிருமா?" என்றார். "கெடைக்குமுங்க" என்றேன், அடம்பிடித்து.

6.00. ஒட்டன்சத்திரம். கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிய லாரிகளுக்கு நடுவே பேருந்து நின்றபோது போனுக்கு உயிர் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கக் காற்று பட்டால்தான் வேலை செய்வேன் என்றிருந்தது போலும்! முதல் செய்தி: திங்கட்கிழமை முதல் வகுப்பு. வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது, ரயில் நிலையத்து ஓடிபி. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.